நத்தையின் படிக்கட்டு

நாற்பத்து மூன்றரை மணி நேரம். வாரத்துக்கு நாலு நாளாக இருபத்தொன்பது நாள், நாளுக்கு ஒன்றரை மணி, ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. மாலைக் குழுவின் பதினெட்டுப் பிள்ளைகளில் இப்படி ஓட்டை விழாத வரிசை பதினேழாம் எண்ணுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, பரீட்சை வந்தது, வெளியூரிலிருந்து மாமா வந்தார். ஒரு பையனுக்கு ‘இன்னிக்கு மூடு இல்லை’ என்று அவன் அம்மாவே கைப்பட எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தாள். பதினேழுக்கு ஒன்றும் வரவில்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய அன்றுகூட நாலு மணிக்குச் சரியாக வந்து, நனைந்த செருப்பை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வரிசையைத்தான் லிஸ்ட் அக்கா மூன்றாம் தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டலில் தவறில்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் மேசையில் இருந்த பலகையில் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்றுதான் எழுதியிருந்தது. பிள்ளைகளின் வாயில் அது நுழையவில்லை. கையில் எப்போதும் ஒரு பட்டியலோடு அலைகிறவள், அதனால் லிஸ்ட் அக்கா. பள்ளி விட்டதும் எந்தப் பிள்ளை எந்த வேனில் ஏறும், யார் வந்து கூட்டிப் போவார், யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யார் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. வேதியியல் படித்தவள். ஆட்களோடு அதிகம் பேச வேண்டியிராது என்று நம்பித்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தாள். சேர்ந்த பிறகுதான் நாளுக்கு இருபது தொலைபேசி அழைப்பு என்று தெரிந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் பேச வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்வாள், ‘வணக்கம்’ உட்பட.

மையம் ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் இருந்தது. பயந்த பிள்ளைகள், கோபக்காரப் பிள்ளைகள், வீட்டில் ஒரு சாவு விழுந்தபின் தூக்கத்தைத் தொலைத்த பிள்ளைகள் என்று பலரும் பள்ளி முடிந்து அங்கே வந்தார்கள். படம் வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், நாடகம் போட்டார்கள், நடுநடுவே ஆலோசகரிடம் பேசினார்கள். கீழேயிருந்து பல்லைத் துளைக்கிற சத்தம் வரும்போது மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி முகம் சுளித்தார்கள். அறைக்கும் நடைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. நடையில் லிஸ்ட் அக்காவின் மேசை. தலை நிமிர்ந்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும், சத்தம் மட்டும் கேட்காது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாசலிலேயே சொந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு ஒரு பெயர் வைத்து, அட்டையில் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளும். இடி, ரப்பர், கேப்டன், நத்தை. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. உண்மைப் பெயரும் வயதும் பள்ளிக்கூடம் எழுதி அனுப்பிய குறிப்பும் கோப்பில் இருக்கும். கோப்புக்கு எண் மட்டும், புகைப்படம் கிடையாது. கோப்பு லிஸ்ட் அக்காவின் பூட்டிய அலமாரியில். நாற்பது மணி நேரம் முடிகிறவரை ஆலோசகரே அதைத் திறக்க மாட்டார். “பேப்பரைப் படிச்சிட்டு உள்ள போனா, பேப்பர்ல இருக்கற பிள்ளைதான் கண்ணுக்குத் தெரியும். முதல்ல எனக்கு எதிர்ல உக்காந்திருக்கறதைப் பாக்கணும்” என்பது அவர் கட்சி.

பதினேழாம் எண்தான் நத்தை.

குழப்பம் வரைபடத்தில் ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலிருந்து ஒரு படிவம் வரும், பெற்றவர்கள் நிரப்புவது. அறையிலிருந்து ஒன்று வரும், ஆலோசகர் நிரப்புவது. இரண்டையும் ஒரே தாளில் சிவப்புக் கோடாகவும் நீலக் கோடாகவும் லிஸ்ட் அக்கா வரைவாள். மற்றப் பதினேழு பிள்ளைகளுக்கும் இரண்டு கோடுகளும் சண்டை போட்டுக்கொண்டாவது ஒன்றாகவே நடந்தன. நத்தைக்கு நீலம் முதல் வாரமே உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சிவப்பு தரையில் கிடந்தது. இப்போதுதான் மெல்லத் தலை தூக்கியிருந்தது.

ஆலோசகர் எழுதியிருந்தார்: ‘நன்றாகப் பேசுகிறாள். ஓயாமல் கேள்வி கேட்கிறாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். சிறியவர்களுக்கு உதவுகிறாள்.’

வீட்டுப் படிவத்தில் அம்மாவின் கோணல் எழுத்து. இரண்டாம் வாரம்: ‘யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.’ நாலாம் வாரம்: ‘கட்டிலுக்கு அடியில் போகவில்லை. கட்டில் மேலேயே போர்வைக்குள்.’ ஆறாம் வாரம்: ‘ஜன்னலைத் திறந்து பூனையைக் கூப்பிட்டாள். பூனை திரும்பிப் பார்த்தது.’

பூனை திரும்பிப் பார்த்ததை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் லிஸ்ட் அக்கா அதை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

ஒரே திரவத்தில் வைத்த இரண்டு வெப்பமானிகள் இரண்டு அளவு காட்டினால் கருவியில்தான் கோளாறு என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். இங்கே கருவி அவள்தான். பதினொன்றாம் எண்ணையும் பதினேழாம் எண்ணையும் மாற்றிப் பதிந்திருப்போமோ என்று எல்லாக் கோப்புகளையும் தரையில் பரப்பிச் சரிபார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

திங்கள் மாலை பிள்ளைகள் போன பிறகு ஆலோசகர் கோடைப் பட்டியலோடு வந்து அவள் மேசைமேல் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரும் பழக்கம் அவருக்கு இல்லை.

கோடைக் குழு ஆறு வாரம். பன்னிரண்டே இடம். மாலைக் குழுவில் நாற்பது மணி நேரம் முடித்திருக்க வேண்டும், இன்னும் உதவி தேவை என்று ஆலோசகர் எழுத வேண்டும். கோடையில் கூடுதலாக ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் ஆலோசகர் பிள்ளையின் வீட்டுக்கே போவார். மாலைக் குழுவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, பிள்ளை மையத்துக்கு வந்தால்தான் உண்டு, தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அந்த இடமும் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கோடைப் பட்டியல் வியாழன் ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அதற்குப் பிறகு கடவுளே வந்து கேட்டாலும் சேர்க்க மாட்டார்கள்.

“பதினேழை எடுத்துடு” என்றார் ஆலோசகர்.

“எடுக்கறதா மேடம்?”

“நத்தைதானே? அவளுக்கு என்னம்மா குறை? போன வாரம் என்னையே கூண்டுல ஏத்திட்டா. ‘பயம் வந்தா அஞ்சு வரைக்கும் எண்ணணுமா, பத்து வரைக்குமா? அஞ்சுல போகலைன்னா மறுபடி ஒண்ணுலேருந்தா, இல்ல ஆறுலேருந்தா?’ எனக்கே பதில் தெரியலை. வெளியில பதினாலு பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு.”

“வீட்டுப் படிவம் வேற மாதிரி இருக்கே மேடம்.”

“இடம் போயிடுமோன்னு அம்மாங்க கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்க.”

“பூனை திரும்பிப் பாத்ததுன்னு எழுதியிருக்காங்க. கூட்டி எழுதறவங்க பூனையை எழுதுவாங்களா?”

ஆலோசகர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி. வியாழக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் உனக்கு டைம். குழப்பத்தைத் தீத்துக்க. தீரலைன்னா எடுத்துடு.”

நத்தைக்கு இடம் உண்டா இல்லையா என்பது அப்படித்தான் லிஸ்ட் அக்காவின் கைக்கு வந்தது. அன்று வரை அவள் எந்தப் பெயரையும் தானாக நீக்கியதில்லை. நீக்கச் சொன்னால் நீக்குவாள்.

செவ்வாய் காலை ‘வணக்கம், நான் மாலைக் குழு மையத்திலிருந்து பேசுகிறேன்’ என்று எழுதிக்கொண்டு, கோப்பில் இருந்த பள்ளிக்கூடத்தை அழைத்தாள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எடுத்தார்.

“அந்தப் பொண்ணா? பள்ளிக்கூடம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சே. வீட்டை விட்டே வெளிய வர்றதில்லைன்னு அம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க பாத்துக்கறீங்கன்னுதான் நாங்க சும்மா இருக்கோம்.”

லிஸ்ட் அக்காவின் துண்டுத் தாளில் இதற்குப் பதில் இல்லை. “இங்க தினமும் வருதுங்களே” என்றாள்.

“தினமுமா?”

“ஒரு நாள்கூட விடலை.”

“பேசுதா?”

“நிறைய.”

ஆசிரியைக்குப் பின்னால் ஒரு வகுப்பே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. “மூணு வருஷமா எங்ககிட்ட அது ஒரு வார்த்தை பேசினதில்லைம்மா” என்றார். “வீட்டு ஆளுங்களைத் தவிர யார்கிட்டயும் பேசாது. அப்படி என்ன மந்திரம் வெச்சிருக்கீங்க?”

மந்திரம் எதுவும் இல்லை என்று சொல்லி லிஸ்ட் அக்கா வைத்துவிட்டாள். இப்போது கையில் மூன்று காகிதங்கள். வீட்டில் போர்வைக்குள் கிடக்கும் பெண் ஒருத்தி, பள்ளிக்கு வராத பெண் ஒருத்தி, மையத்தில் ஆலோசகரைக் கூண்டில் ஏற்றும் பெண் ஒருத்தி. மூன்றுக்கும் எண் பதினேழு.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேன் அண்ணன் பிள்ளைகளை மாடியேற்றிவிட்டுத் தேநீர்க் குவளையோடு மேசையருகே நின்றார். லிஸ்ட் அக்கா பேயறைந்த மாதிரி இருப்பதைப் பார்த்து, “என்னம்மா, லிஸ்ட்ல யாரு தொலைஞ்சு போனது?” என்றார்.

“யாரும் தொலையலை அண்ணே. ஒருத்தி அதிகமா இருக்கா.”

“அதிகமா இருந்தா நல்லதுதானே. எனக்குத்தான் வேன்ல சீட்டு இல்லை.”

“நத்தை வேன்ல வர்றதில்லை இல்ல?”

“அது நடந்தே வந்துடும். அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்ததாம். நல்ல பொண்ணும்மா அது. கேப்டன் பயலுக்கு ஏழாங்கிளாஸ் கணக்கு வராம அழுதுக்கிட்டிருந்தான். வாசப்படியில உக்கார வெச்சு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துடுச்சு.”

கோப்பில் வயது பத்து, வகுப்பு ஐந்து. கெட்டிக்காரிதான் போல என்று லிஸ்ட் அக்கா நினைத்துக்கொண்டாள். கதவு தட்டினால் ஒளிகிற பெண் இரண்டு சாலைகளைத் தாண்டித் தனியாக நடந்து வருவதுதான் அவளுக்கு ஒட்டவில்லை.

நத்தை வந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, தோள்பட்டி தைத்து ஒட்டுப்போட்ட பை, நெஞ்சில் அட்டை. அட்டையின் ஓரத்தில் கூட்டை மறந்துவிட்டு ஊர்ந்து போகும் ஒரு நத்தையை வரைந்திருந்தாள்.

“லிஸ்ட் அக்கா, கோடைக்கு நான் இருக்கேனா?”

“இன்னும் முடிவாகலை.”

“நாப்பது மணி நேரம் ஆயிடுச்சு. நான் எண்ணிட்டேன்.”

“நானும் எண்ணிட்டேன்.”

“கோடையில மேடம் நிச்சயமா வீட்டுக்கு வருவாங்கல்ல? மழை வந்தாலும்? வீட்ல யாரும் கதவைத் திறக்கலைன்னாலும் திரும்பிப் போயிட மாட்டாங்கல்ல?”

“நீதானே திறப்பே?”

நத்தை உள்ளே போய்விட்டாள்.

நாலு நாற்பதுக்கு லிஸ்ட் அக்கா வீட்டு எண்ணை அழைத்தாள். அம்மா மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர், ஆறு மணிக்குத்தான் வருவார் என்று கோப்பில் இருந்தது. அப்பாவுக்கான கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. அந்த நேரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் அழைத்தாள். யாரும் எடுக்காத அழைப்புகள்தான் அவளுக்குப் பிடித்தவை. அழைத்தாயிற்று என்று ஏட்டில் குறித்துவிடலாம்.

மணி நாலு தடவை அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

“வணக்கம். நான் மாலைக் குழு மையத்திலேருந்து பேசறேன்.”

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. சின்ன, வேகமான மூச்சு.

“ஹலோ? நத்தையோட அம்மாங்களா?”

மூச்சு நின்றது. எங்கோ தள்ளி ஒரு பூனை கத்தியது. பிறகு வைத்துவிட்டார்கள்.

லிஸ்ட் அக்கா கண்ணாடி வழியே பார்த்தாள். நத்தை வட்டத்தில் உட்கார்ந்து இடிக்குக் கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள். திருடனோ என்று ஒரு கணம் தோன்றியது. திருடன் தொலைபேசியை எடுத்துவிட்டு ஏன் பயந்து மூச்சு விட வேண்டும்?

புதன்கிழமை ‘படிக்கட்டு’ நாள். சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். அதில் பத்துப் படி. கீழே சுலபமானது, மேலே போகப் போகக் கஷ்டமானது. தனக்கு எது பயமோ அதைப் பிள்ளையே எழுத வேண்டும். வீட்டில் ஒரு படி முடித்தால் மறுநாள் வந்து பச்சை ஒட்டுப்பொட்டு ஒட்டலாம். தாள்களைப் படம் எடுத்து வைப்பது லிஸ்ட் அக்காவின் வேலை. அதனால் அன்று நத்தையின் தாளை முதல் முறையாக முழுசாகப் படித்தாள்.

முதல் படி: கட்டிலுக்கு அடியில போகக் கூடாது. நாலாவது: ஜன்னலைத் திறக்கணும். ஆறாவது: போன் அடிச்சா எடுக்கணும், பேச வேண்டாம். ஏழாவது: போன்ல ஒரு வார்த்தை சொல்லணும். ஒன்பதாவது: தெரியாத ஆள் முன்னாடி வாசல்ல நிக்கணும். பத்தாவது: இங்க வரணும்.

பத்தாவது படியை அவள் இரண்டு முறை படித்தாள்.

“மேடம், நத்தை பத்தாவது படியில ‘இங்க வரணும்’னு எழுதியிருக்கா.”

“ஆமா, நானும் கேட்டேன். ‘அதான் தினம் வர்றியேடி’ன்னேன். சிரிச்சா. குறும்பு.” ஆலோசகர் களிமண் கையைத் துடைத்துக்கொண்டார். “ரொம்ப சுலபமான படியா எழுதியிருக்கா. சீக்கிரம் முடிக்கணும்னு அவசரம்.”

சுலபமான படிகளைத்தான் எட்டு வாரமாக முடித்துக்கொண்டிருக்கிறாளா? லிஸ்ட் அக்கா எண்ணினாள். ஐந்து பச்சைப் பொட்டுகள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே நத்தை பக்கத்தில் வந்து, ஆறாவது படியில் ஒரு பொட்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“எப்ப முடிச்சே?”

“நேத்து.”

“நேத்து எத்தனை மணிக்கு?”

நத்தையின் விரல் பொட்டின் மேலேயே நின்றுவிட்டது. “சாயந்திரம்.”

“நேத்து சாயந்திரம் உங்க வீட்டுக்கு நான்தான் போன் பண்ணினேன். நீ இங்க இருந்தே.”

பெண்ணின் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு. கண் அகல விரிந்தது. “நீங்களா பண்ணினீங்க? எத்தனை தடவை அடிச்சதும் எடுத்தது?”

“நாலு.”

“நாலேவா? நெஜமா? உடனே வெச்சிடலையே?”

“கொஞ்ச நேரம் இருந்தாங்க. உங்க வீட்ல யாரு நத்தை?”

பையிலிருந்து நோட்டு வெளியே வந்தது. ‘நாலு தடவை அடிச்சதும் எடுத்தது. கொஞ்ச நேரம் இருந்தது’ என்று அவசரமாக எழுதினாள். எழுதி முடித்ததும் சட்டையில் குத்தியிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“மூணு நாள் வரலைன்னா இடம் போயிடும்தானே அக்கா?”

“நீதான் ஒரு நாள்கூட விடலையே.”

“ஆமா. நத்தை ஒரு நாள்கூட விடலை.” யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாளைக்கும் அதே நேரத்துக்குக் கூப்பிடுவீங்களா? கூப்பிட்டா உடனே வெச்சிடாதீங்க. என்ன ஆனாலும் நீங்க வெச்சிடாதீங்க” என்று கெஞ்சினாள்.

“யாரு எடுப்பாங்க?”

“எனக்குச் சொல்லத் தெரியலை அக்கா” என்றாள் நத்தை. ஏழாம் வகுப்புக் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடிக்கிற பெண்ணுக்கு இது தெரியவில்லை. ஓடி வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் லிஸ்ட் அக்காவை அவளுடைய சொந்த அக்கா தொலைபேசியில் பிடித்தாள். தினமும் ஏழு மணிக்குப் பிடிப்பாள். பேசுவது அக்கா, ‘ம்’ கொட்டுவது இவள்.

“ஏன்டி, ‘ம்’கூட இன்னிக்குச் சுருதி இல்லாம வருது?”

இவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்.

“பேய்தான்” என்று அக்கா உடனே தீர்ப்புச் சொன்னாள். “இல்லைன்னா அந்தப் பொண்ணு புளுகுது. இல்லைன்னா அவங்க அம்மா புளுகுறாங்க. யாரோ ஒருத்தர் புளுகணும், அப்பத்தான் கணக்கு சரியா வரும்.”

“மூணு பேரும் நெஜம்தான் சொல்றாங்கன்னு தோணுது.”

“உனக்கு எல்லாரும் நெஜம்தான். இந்த வேலைக்கு இன்டர்வியூ எப்பன்னு கேக்க யாரு போன் பண்ணினது? உன் பேரைச் சொல்லி, உன்னை மாதிரியே மென்னு முழுங்கி, நான்தானே பேசினேன்? அவங்ககூட ‘அமைதியா பேசறீங்களே’ன்னு பாராட்டினாங்க. நாங்க பொய் சொன்னாத்தான் உங்களுக்கெல்லாம் வேலை கிடைக்கும்.”

இவள் ‘ம்’ என்றாள். அக்கா அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டாள். மண்டையில் ஏதோ ஒன்று இடறியது, என்னவென்று தேடுவதற்குள் நழுவிவிட்டது.

வியாழக்கிழமை. நாற்பத்து எட்டாவது மணி நேரத்தை முடிக்க நத்தை நாலு மணிக்கு வந்தாள். அன்று எதுவும் கேட்கவில்லை. லிஸ்ட் அக்காவையும் மேசைமேல் இருந்த தொலைபேசியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய், வழக்கத்துக்கு மாறாகக் கண்ணாடியைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

பட்டியல் தட்டச்சாகி மேசைமேல் இருந்தது. பன்னிரண்டு வரி. ஒன்பதாவது வரியில் பதினேழாம் எண். பக்கத்தில் ஆலோசகரின் கேள்விக்குறி. ஓரத்தில், காத்திருப்பவர்களில் முதலாவதாக நிற்கும் பிள்ளையின் எண். நாலே காலுக்கு ஆலோசகர் தலையை நீட்டி, “தீந்துதா?” என்றார்.

“இல்லை மேடம்.”

“அப்ப அடிச்சிட்டு அடுத்தவங்களைப் போட்டு அனுப்பிடு. தயங்காதே. ஒரு பிள்ளைக்குக் குணமாயிடுச்சுன்னா அது நல்ல சேதிதானேம்மா?” கதவு சாத்திக்கொண்டது.

பென்சிலை எடுத்தாள். எண்ணின் மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். இழுத்த கோட்டைப் பார்த்தாள். அழித்தாள். காகிதம் அந்த இடத்தில் கொஞ்சம் மங்கியது.

நாலு நாற்பதுக்குத் தொலைபேசியை எடுத்தாள். துண்டுத் தாளில் ‘வணக்கம்’ மட்டும் இருந்தது. அதற்குமேல் என்ன எழுதுவதென்று அரைமணி நேரமாகத் தெரியவில்லை.

ஒரு தடவை அடித்தது. இரண்டாவது பாதியில் நின்றது.

அதே மூச்சு.

“வணக்கம்” என்றாள். பதில் வரவில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமான மௌனமாக இருந்தது. சின்ன வயதில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாராவது காப்பாற்ற வரும்வரை அவளும் இப்படித்தான் நிற்பாள்.

“நீங்க பேச வேண்டாம்” என்றாள். “கேட்டா மட்டும் போதும். நான் வைக்க மாட்டேன்.”

மூச்சு கொஞ்சம் நிதானமானது.

“கோடைக் குழுவுக்கு லிஸ்ட் அனுப்பணும். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நத்தைக்கு நல்லாயிடுச்சு, அவளை எடுத்துடுன்னு மேடம் சொல்றாங்க. இங்க நல்லா பேசறா, சிரிக்கறா, எல்லாருக்கும் சொல்லித் தர்றா. அவ எனக்கு எதிர்லதான் உக்காந்திருக்கா. அவளுக்குக் கோடைக் குழு வேண்டாம்னா நான் இப்ப அடிச்சிடணும். அடிச்சுட்டா மேடம் உங்க வீட்டுக்கு வர மாட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அதான் கூப்பிட்டேன்.”

இவ்வளவு நீளமாக, எழுதி வைக்காமல், அவள் எந்தத் தொலைபேசியிலும் பேசியதில்லை.

மறுமுனையில் எதுவோ தரையில் உரசியது. நாற்காலியாக இருக்கலாம். பூனை ஒரு தடவை கத்தியது. அதன் பிறகு, குரல் என்று சொல்ல முடியாத ஒன்று, மூச்சிலேயே உருட்டிய மாதிரி வந்தது.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.”

லிஸ்ட் அக்காவின் பென்சில் அசையாமல் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நத்தை எழுந்து நின்றிருந்தாள். கையில் பாதி வெட்டிய காகிதம். மற்றப் பிள்ளைகள் அவள் காலைச் சுற்றிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள், சத்தம் கேட்கவில்லை. அவள் வாய் இறுக மூடியிருந்தது.

“ஆறு” என்றது தொலைபேசி. “ஏழு.”

கீழே பல்லைத் துளைக்கும் கருவி ஓட ஆரம்பித்தது. லிஸ்ட் அக்கா இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.

“எட்டு. ஒம்போது. பத்து.”

“நான் இருக்கேன்” என்றாள் லிஸ்ட் அக்கா. “வைக்கலை.”

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது. பிறகு, மூன்று வருடமாக ஒரு பள்ளிக்கூடமே கேட்டிராத குரல், கரகரத்து, நடுவில் ஒரு தடவை அறுந்து, மறுபடி சேர்ந்து வந்தது.

“நத்தை நான்தான். அங்க வர்றது எங்க அக்கா.”